பனிக்காலத்துச் சிலிண்டர் கணக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இந்தக் குளிர்காலம் முழுவதையும் உன் ஆர்.வி. வண்டியை, அந்த வீட்டு வண்டியை, ஓரிடத்தில் நிறுத்தி அதிலேயே கழிக்கப் போகிறாய் என்று நீ சொன்ன நாள் முதல், என் மனம் அந்த இரண்டு புரொப்பேன் சிலிண்டர்களையே சுற்றிக்கொண்டிருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் பாதியை நான் மறந்துவிடுவேன், மீதியை நீ மறந்துவிடுவாய் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

20 பவுண்டு சிலிண்டரில் இருப்பது ஏறக்குறைய 9 கிலோ எரிவாயு. அதை முழுவதும் எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 4,30,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு). வண்டியின் உள்ளே சூடேற்றும் உன் ஃபர்னஸ் மணிக்கு 30,000 பி.டி.யூ. எடுக்கும் வகை என்றால், சுடர் எரிவதற்கு மொத்தமே 14 மணி நேரம்தான் கிடைக்கும்; கடுங்குளிரில் அது பாதி நேரம் எரிந்தாலும் ஒரு சிலிண்டர் ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலாகவே வரும். கோடையில் அடுப்புக்கும் வெந்நீருக்கும் மட்டும் செலவிட்டு, ஒரே சிலிண்டரை வாரக்கணக்கில் ஓட்டிப் பழகியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நானும் ஏமாந்திருக்கிறேன். நீ பிறப்பதற்கு முன், நானும் உன் அம்மாவும் வண்டியில் கழித்த முதல் குளிர்காலத்தில், ஒரு சிலிண்டர் தீர்ந்ததும் அடுத்ததற்குத் தானாக மாறும் ரெகுலேட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கினேன். அது எப்போதோ மாறிவிட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டும் தீர்ந்து, ஃபர்னஸின் விசிறி மட்டும் குளிர்காற்றை வீசிக்கொண்டிருந்தது. (உன் அம்மா அதை இன்றும் சொல்லிக்காட்டுவாள்.) ஆகவே தினமும் மாலையில், இருட்டுவதற்கு முன், ரெகுலேட்டரின் குறியைப் பார். அது சிவப்பாகிவிட்டால் காலியானதை அன்றைக்கே நிரப்பு. மறுநாளைக்கு என்று தள்ளிப்போடாதே.

எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதை அறிய எடை போடுவதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. சிலிண்டரின் கழுத்து வளையத்தில் 'டி.டபிள்யூ.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும் எண் அதன் வெற்று எடை. மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் உள்ளே இருக்கும் வாயுவின் எடை வந்துவிடும். நிரப்புபவரிடம் இன்னும் கொஞ்சம் விடச் சொல்லி வற்புறுத்தாதே. திரவம் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால்தான் 80 சதவீதத்தோடு நிறுத்துகிறார்கள்.

சிலிண்டரில் வாயு இருந்தும் சுடர் தளர்வது குளிர்காலத்திற்கே உரிய இன்னொரு தொல்லை. திரவப் புரொப்பேன் கொதித்து ஆவியானால்தான் குழாயில் வாயு வரும். அதன் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ்; வெளியே குளிர் அதை நெருங்க நெருங்க அழுத்தம் விழும். பியூட்டேன் கலந்த வாயு இன்னும் முன்பே கைவிட்டுவிடும், ஏனெனில் பியூட்டேன் பூஜ்ஜியத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடுகிறது. மேலும், ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைத் திரவம் தன்னைச் சூழ்ந்த உலோகச் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்தே வாங்குகிறது. அதனால் கால்பங்கு நிரம்பிய சிலிண்டர் நிறைந்த சிலிண்டரைவிட வெகு விரைவில் திணறும். கம்பளியால் போர்த்தினால் அந்த வெப்பத்தையும் தடுப்பதாகவே முடியும். நெருப்பைக் காட்டிச் சூடேற்றும் எண்ணம் கனவிலும் வரக்கூடாது. வண்டி நகரப் போவதில்லை என்பதால், 100 பவுண்டு சிலிண்டர் ஒன்றை வாயு விற்பவரிடம் வாடகைக்கு எடுத்து, அவரையே கொண்டு இணைத்துக்கொள்வது உனக்கு நல்லது என்பது என் கருத்து.

மின்இணைப்பு இருந்தால் மின்சூடேற்றியைக் கொண்டு வாயுவை மிச்சப்படுத்தலாம். ஆனால் ஃபர்னஸை முழுவதும் அணைத்துவிடாதே. பல வண்டிகளில் தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்க் குழாய்களை உறையாமல் காப்பது அதன் வெப்பக்காற்றுதான். அதன் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவதால், பேட்டரி இறங்கிவிட்டால் சிலிண்டர் நிறைந்திருந்தும் பயனில்லை.

சமையல் அடுப்பை அறை சூடேற்ற ஒருபோதும் எரிக்காதே. ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது ஏறக்குறைய 1.6 கிலோ நீர் ஆவியாகிச் சுவரில் வடியும் என்பது ஒருபுறம். மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இன்னொருபுறம். அதற்கான எச்சரிக்கைக் கருவியையும், காற்றைவிடக் கனமான புரொப்பேனுக்காகத் தரையை ஒட்டி வைத்திருக்கும் கருவியையும் வாரம் ஒருமுறை அழுத்திச் சோதித்துப் பார். பனி கொட்டிய காலைகளில் ஃபர்னஸின் புகைவாயை மூடியிருக்கும் பனியை அகற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே இரண்டு சிலிண்டர்களையும் எடை போட்டு, இரண்டு எண்களையும் எனக்கு அனுப்பு. கழித்தலை நான் இங்கே ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா