இரண்டரை ஏக்கர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா விட்டுப்போன பத்து ஏக்கரை நான்கு பேரும் பங்கு பிரிக்கப் போகிறீர்கள், ஆளுக்கு இரண்டரை ஏக்கர் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த மறுநாள் மகளோடு வால்பாறைக்குப் போனேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் உங்கள் தோட்டம்தான் மனத்தில் ஓடியது.

கல்லூரி நாள்களில் அங்கே போனபோது கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் காடு என்றே நம்பினோம், நினைவிருக்கிறதா? அது தேயிலை. 1890-களில் தொடங்கி மழைக்காட்டை அழித்து நட்டது. ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியில் பழைய காடு இன்று சுமார் நாற்பது துண்டுகளாக எஸ்டேட்டுகளுக்கு நடுவே கிடக்கிறது.

அங்கே புதுத்தோட்டம் என்ற எஸ்டேட்டில் சிங்கவால் குரங்குகளைப் பார்த்தோம். கிளைக்குக் கிளை தாவியே காலம் கழிக்கும் பிராணி அது. தரை அதற்கு அந்நியம். கிளைகள் தொடாத இடத்தில் வேறு வழியின்றி இறங்கி ரோட்டைக் கடக்கிறது, வண்டியில் அடிபடுகிறது. அதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். வயிற்றைப் பற்றிய குட்டியோடு ஒரு தாய் அதன் மேல் நடந்து போனது. அது மறுபக்கக் கிளையைப் பிடிக்கும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.

காடு துண்டானால் பரப்பு குறைவதுதான் நஷ்டம் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். பிரேசிலில் மனாஸ் நகருக்கு வடக்கே உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய் 1979-இல் தொடங்கிய ஆய்வைப் படித்த பிறகு அப்படி எண்ண முடியவில்லை. மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே 1, 10, 100 ஹெக்டேர் என்று காட்டுத்துண்டுகளை விட்டுவைத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். துண்டுக்குள் யாரும் கோடாரி எடுக்கவில்லை. ஆனாலும் வெயிலும் காற்றும் ஓரம் வழியாகப் புகுந்தன. பெருமரங்கள் நின்றபடியே பட்டுப்போயின, முறிந்து விழுந்தன. நிழலில் பழகிய சில பறவைகள் எண்பது மீட்டர் வெட்டவெளியைத் தாண்டவே தயங்கின. ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ உன் பங்குதான். சதுரமாக அளந்து நட்டநடுவில் நின்றால், எந்த ஓரமும் ஐம்பது மீட்டருக்குமேல் இல்லை. அத்தனையும் ஓரமே, உட்காடு என்று ஒன்று மிஞ்சுவதில்லை.

வால்பாறையில் ஆய்வாளர்களும் எஸ்டேட்காரர்களும் சேர்ந்து, சிதைந்த துண்டுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாட்டு மரக் கன்றுகளை நட்டுவருகிறார்கள். பொறுமையான வேலை. அதைச் செய்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்திருக்கிறது.

கிணறு பெரியண்ணன் பங்கில் விழும் என்று கவலைப்பட்டிருந்தாய். பத்திரம் எழுதும்போது கிணற்றுக்கும் களத்துக்கும் போகும் வண்டித்தடத்தை நால்வருக்கும் பொதுவென்று எழுதச் சொல். வேலி போடுவதானால், வரப்பில் நிற்கும் புளியமரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தை மாதம் வருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்