பாத்திமா ஷேக் கட்டுரைக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

சாவித்திரிபாய் புலேயுடன் பள்ளிப் பணியில் நின்றவர் என்று சொல்லப்படும் பாத்திமா ஷேக்கைப் பற்றிய நம் விக்கிப்பீடியாக் கட்டுரை, நீக்க வேண்டும் என்ற வாதத்தைத் தாண்டி நிலைத்துவிட்டது. நீக்கல் அறிவிப்பை நேற்றிரவு எடுத்துவிட்டார்கள். நடந்ததையெல்லாம் நீங்கள் கூடவே இருந்து பார்த்தவர்கள். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. மனம் ஆறும் முன்பே நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வணக்கம் புனேயில் இருக்கும் ஓய்வுபெற்ற மராத்தி ஆசிரியைக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருக்கு என் முகம் தெரியாது, தமிழும் தெரியாது. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது என்னுடைய அரைகுறை இந்திதான். புனேயில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கொடுத்த எண்ணை வைத்துக்கொண்டு, பெண்கல்வி முன்னோடி சாவித்திரிபாய் புலே 1856 அக்டோபர் 10 அன்று நாய்காவிலிருந்து கணவருக்கு எழுதிய கடிதம் அச்சாகியிருக்கும் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தேன். அவ்வளவுதான் கேட்டது.

அவர் அனுப்பியது முழு வரிசை. மேலட்டை, தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் உள்ள பக்கம், தொகுப்பாசிரியர் மா.கோ. மாளியின் முன்னுரை, பிறகு கடிதம் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை. பக்கம் சுருளாமல் இருக்க ஓரத்தில் எஃகு அளவுகோலை வைத்து அழுத்தியிருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டிருந்தார். பதிப்பு விவரப் பக்கத்தை நான் கேட்கவே இல்லை. ஆனால் வாதத்தை வென்று தந்தது அந்தப் பக்கம்தான். மகாராஷ்டிர மாநில அரசின் இலக்கிய, பண்பாட்டு வாரிய வெளியீடு, முதற்பதிப்பு 1988. 2025 ஜனவரியில் 'இப்படி ஒரு பெண்மணியே இல்லை, அண்மையில் புனைந்த பாத்திரம்' என்று கிளம்பிய பேச்சுக்கு, 1988 என்று அச்சடித்த அந்த ஒரு வரியைவிட வேறென்ன பதில் வேண்டும்? கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் அதைக் காட்டிய பிறகு 'புனைவு' என்ற வாதத்தை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் அவரே அழைத்தார். கடிதத்தை வரி வரியாக வாசித்து, எனக்குப் புரியும்வரை விளக்கினார். உடல்நலம் குன்றியதால் பிறந்த வீட்டுக்கு வந்து தேறி வருகிறார் சாவித்திரிபாய். ஊர் விலக்கி வைக்கும்படியான வேலையைச் செய்வதாகச் சகோதரர் அவரைக் கடிந்துகொள்கிறார். நாகபஞ்சமியன்று நச்சுப் பாம்பைப் பிடித்துப் பால் வார்க்கும் நீங்கள், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மகார், மாங் சாதியினரை மனிதராக எண்ணாதது ஏன் என்று இவர் திருப்பிக் கேட்கிறார். அதே கடிதத்தில், தான் இல்லாததால் பாத்திமாவுக்குச் சிரமம் கூடியிருக்கும், ஆனாலும் அவள் முணுமுணுக்க மாட்டாள் என்று ஒரு குறிப்பு. வாசித்து முடித்ததும் அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இதில் இருப்பது இவ்வளவுதான் மகளே. இதற்கு மேல் இந்தக் கடிதத்தின் தலையில் எதையும் ஏற்றாதே."

உண்மைதான். கடிதத்தில் 'ஷேக்' இல்லை. பிறந்த நாள் இல்லை. 'முதல் முஸ்லிம் ஆசிரியை' என்ற பட்டமும் இல்லை. சாவித்திரிபாயின் அருகில் அமர்ந்திருப்பவர் என்று காட்டப்படும் பழைய படத்துக்கும் தனியாகச் சான்று தேட வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். பாத்திமாவைத் தன் வீட்டுப் பெரியவர் போல மதிக்கிறவர் அவர். அப்படிப்பட்டவர் இவ்வளவு கறாராக இருந்ததுதான் எனக்குக் கிடைத்த பெரிய உதவி. அவர் பேச்சைக் கேட்டுக் கட்டுரையைப் பாதியாகச் சுருக்கினோம். சுருங்கிய கட்டுரையில் அசைக்க ஒரு வரியும் இல்லை.

தனிக் கட்டுரைக்குத் தேவையான குறிப்பிடத்தக்கமைக்குக் கடிதம் ஒன்றே போதாது, அவரைப் பற்றிப் பிறர் எழுதியது வேண்டும் என்று நினைவூட்டி, சூசி தாரு, கே. லலிதா தொகுத்து 1991இல் வந்த இந்தியப் பெண்களின் எழுத்துத் தொகுதியைத் தேடித் தந்த நூலகர், நாளிதழ்க் கட்டுரைகளைச் சலித்து ஒன்றையொன்று பார்த்து எழுதியவற்றைக் கழித்த நண்பர்கள், மேற்கோள்களை இரவோடு இரவாகச் சீர்செய்த இளைஞர்கள், எதிர்த்து வாதிட்டாலும் ஒரு சுடுசொல்லும் சொல்லாத பயனர்கள் எல்லோருக்கும் நன்றி. கூகுள் தேடுபொறி 2022இல் பாத்திமாவுக்காக வெளியிட்ட சிறப்புச் சித்திரத்தைச் சான்றாக வைக்காதீர்கள் என்று தடுத்த அக்காவுக்கும்.

நானும் பெண்கள் பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறவள். தலைமை ஆசிரியை விடுப்பில் இருக்கும் நாட்களில் பள்ளி யார் தோளில் நிற்கிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன். அறிக்கையில் அவர்கள் பெயர் வராது. 1856இலும் அப்படித்தான் இருந்திருக்கும். நோயிலிருந்து தேறும் நாட்களிலும் சாவித்திரிபாய் தன் தோழியின் சுமையை நினைத்து எழுதினாரே, அதனால் நமக்கு ஒரு பெயராவது மிஞ்சியது. எழுதியிருக்காவிட்டால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இனி ஆண்டுதோறும், பாத்திமாவின் பிறந்த நாள் என்று சொல்லப்படும் ஜனவரி 9 அன்று வாழ்த்துப் படங்கள் சுற்றும். யாராவது அந்தத் தேதியைக் கட்டுரையில் சேர்த்தால் சான்று கேட்டு நிற்பேன். அந்த அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு அது. அடுத்து புலே தம்பதியரின் பள்ளியில் படித்த முக்தா சால்வேயைப் பற்றி எழுதப் போகிறேன். மகார், மாங் மக்களின் துயரத்தைப் பற்றிப் பதினான்கு வயதில் அந்தச் சிறுமி எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வந்தது. இதழின் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். முகப்புப் பக்கத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.