இரவு 10 மணிக்குக் காத்திருப்பவரைக் கடைசியில் நிறுத்தாதீர்கள்

பினாங்கில் எங்கள் பல்கலைக்கழகக் கிளஸ்டரைக் (எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் கணினித் தொகுப்பைக்) கவனித்துக்கொள்ளும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். உதவி கேட்கும் படிவத்தில் நாலு வரிக்கு மேல் எழுத இடமில்லை. உங்களில் சிலரோடு கேன்டீனில் தமிழில் பேசுகிற விஷயம்தானே, அதனால் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

பெரிய ஜாப்களை, அதாவது கிளஸ்டரிடம் கொடுக்கும் கணக்கீட்டு வேலைகளை, இரவு 10 மணிக்குமேல் ஓட்டச் சொல்கிறீர்கள். காரணம் நியாயமானது. 2025 ஜூலையில் தீபகற்ப மலேசியாவுக்கு வந்த புதிய நேரவாரி மின்கட்டணத்தில் வார நாட்களின் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். நோடுகளோடு (கிளஸ்டரின் தனித்தனிக் கணினிகளோடு) ஏர்கோனும் சேர்ந்து இழுக்கிற மின்சாரம் கொஞ்சமா? ஆனால் சொன்னபடி கேட்கிறவருக்கு ஜாப்களை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

காலை 9 மணிக்கு, பிகின் (தொடக்க) நேரம் 22:00 என்று கொடுத்து எஸ்பேட்ச் கட்டளையில் ஒரு ஜாப் போடுகிறேன். அதற்கு முன் ஓடாது என்பது மட்டும்தான் அதன் பொருள். 10 மணிக்கு ஓடும் என்று உத்தரவாதம் எதுவும் இல்லை. அதுவரை அந்த ஜாப் தகுதி பெறாததாகவே கிடக்கும், வரிசையில் முன்னேற உதவும், காத்திருப்புக்கான வயதுப் புள்ளியும் சேராது. அதே 9 மணிக்கு பிகின் இல்லாமல் போட்டவர் இடம் கிடைக்காமல் நின்றால் அவருக்கு 13 மணி நேரப் புள்ளி ஏறிவிடும். இரவு 10 அடிக்கும்போது நான் அப்போதுதான் வந்து சேர்ந்த ஆள்.

அதனால்தான் விவரம் தெரிந்த சிலர் ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஸ்லீப் (சும்மா காத்திரு என்ற கட்டளை) போட்டு, மத்தியானமே நோடைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். நோடின் கணக்குப் போடும் கோர்கள் சும்மா கிடக்கும், கணக்கில் ஓடுவதாகத் தெரியும். அவர்களைத் திட்டிப் பயனில்லை. விதி அப்படி இருந்தால் ஆட்களும் அப்படித்தான் இருப்பார்கள்.

ஸ்லர்மின் பிரயாரிட்டி ஃபிளாக்குகளில் (முன்னுரிமை அமைப்புகளில்) அக்ரூ ஆல்வேஸ் என்று ஒன்று உண்டு. அதைச் சேர்த்தால் பிகின் நேரம் வராத ஜாப்புக்கும் வயது ஏறும். ஒரு சிக்கலும் உண்டு: ஹோல்டில் (ஓடவிடாமல் நிறுத்தி) வைத்த ஜாப், இன்னொரு ஜாப் முடியக் காத்திருக்கும் ஜாப் எல்லாவற்றுக்கும் வயது ஏறும், ஒரே நேரத்தில் எத்தனை ஜாப்புக்கு வயது ஏறலாம் என்ற அக்ரூ வரம்புகளும் செல்லாமல் போய்விடும். ஒருவர் 50 ஜாப்பை ஹோல்டில் ஊறப்போடலாம். போடுவார்கள், எனக்கு ஆட்களைத் தெரியும்! ஆகவே வயதுப் புள்ளி உச்சம் தொடும் காலத்தை, இயல்பாக உள்ள 7 நாளிலிருந்து 1 நாளாகக் குறையுங்கள்; அதற்குமேல் ஊறவைத்து லாபமில்லை. ஒருவர் எத்தனை ஜாப் போடலாம் என்பதற்கு மேக்ஸ் சப்மிட் வரம்பும் வையுங்கள்.

நாங்கள் உள்நுழையும் லாகின் நோடில் கிரானை (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கருவியை) தடுத்தது சரிதான். ஆனால் வாராவாரம் ஓட வேண்டியதற்கு ஸ்லர்மின் 20.11 பதிப்பிலிருந்தே அதேபோன்ற எஸ்கிரான்டேப் இருக்கிறது, அதைத் திறந்துவிடலாமே.

அப்புறம் டீஃபால்ட் நேரம், அதாவது எவ்வளவு நேரம் ஓடும் என்று சொல்லாத ஜாப்புக்கு ஸ்லர்ம் எடுத்துக்கொள்ளும் நேரம். நீங்கள் அதைக் குறிக்காததால், நேரம் கொடுக்காத ஜாப் ஒவ்வொன்றும் பார்ட்டிஷனின் (நோடு குழுவின்) அதிகபட்ச நேரத்தை எடுத்துக்கொள்கிறது. காலி இடைவெளிகளில் ஜாப்களைச் செருகும் பேக்ஃபில் அதை எந்த இடைவெளியில் செருகும்? தைப்பூச விடுமுறைக்குப் பராமரிப்புக்காக நோடுகளை முன்பதிவு செய்தீர்கள் என்றால், நேரம் கொடுக்காத ஜாப் அதற்குள் முடியாது என்று ஸ்லர்ம் நினைத்துக்கொள்ளும்; 4 மணி நேரத்தில் முடிகிற ஜாப்கூட முந்தின நாளே தொடங்காமல் நிற்கும். நாங்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்த் திரும்பினாலும் அது அங்கேயேதான் நிற்கும். 2 மணி நேரம் என்று டீஃபால்ட் வையுங்கள். கூடுதலாக வேண்டியவர் கேட்டுக்கொள்ளட்டும்.

மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாருக்கும் மெயில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரிசையில் நிற்கும் ஆராய்ச்சி மாணவி