கல்லில் பெயர் ஏற உதவியவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பஸ் நிறுத்தத்தை ஒட்டிய படைவீரர் நினைவுத் தூண் திறந்தாகிவிட்டது. மேடையில் பொன்னாடை பெற்றவர்களுக்கு அன்றே நன்றி சொல்லியாயிற்று. மேடை ஏறாதவர்களுக்கு இந்த மடல்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. அந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிரை விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளைகள், எந்தத் தெரு என்று அதில் தேடிப் பயனில்லை. வெள்ளைக்காரன் தலையை எண்ணினான், போகட்டும். நம் தூணில் பெயர்கள் இருக்க வேண்டும், மாண்டவர்கள் மட்டுமல்லாமல் பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் காலம் கழித்தவர்களும் இருக்க வேண்டும் என்று குழுவில் முடிவு செய்தோம். முடிவு செய்வது சுலபம். பெயர்களுக்கு எங்கே போவது?

டிரங்குப் பெட்டிகளைத் திறந்து கொடுத்த பெண்களுக்குத்தான் முதல் நன்றி. மாமனாரின் டிஸ்சார்ஜ் புத்தகம், பர்மாவிலிருந்து வந்த கடிதம், ரிப்பன் நைந்துபோன பதக்கம் என்று எவ்வளவோ வந்தன. முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்து அவற்றைப் படித்துச் சொன்னவர், ஓய்வுபெற்ற நம் பள்ளிக்கூட ஆசிரியை. நம் ஊரில் முனுசாமிகளுக்குப் பஞ்சமில்லை. யார் மேட்டுத்தெரு முனுசாமி, யார் ஏரிக்கரை முனுசாமி என்று பிரித்துக் கொடுத்த டீக்கடைப் பெரியவர்கள் இல்லாவிட்டால் ஒருவர் பதக்கம் இன்னொருவர் குடும்பத்துக்குப் போயிருக்கும்.

1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர்களின் பெயரைச் சேர்ப்பதா என்று கூட்டத்தில் சூடான பேச்சு நடந்தது. வேண்டாம் என்றவர்களுக்கும் நன்றி. அவர்கள் காரணமில்லாமல் பேசவில்லை. அங்கே கணவரை இழந்த அம்மா ஒருவர் எழுந்து, "சிப்பாயைக் கேட்டா அனுப்புகிறார்கள்?" என்றார். அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

கல்தச்சரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரிக் கறுப்புக் கல்லைப் பார்த்துப் பார்த்து எடுத்தவர் அவர்தான். கல் வந்ததும் வெட்டிவிடலாம் என்று நாங்கள் பறந்தோம். "ரகரம் றகரம் மாறினால் கல் வீண். ஒவ்வொரு பெயரையும் வீட்டாரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வாருங்கள்" என்று உளியைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பிடிவாதத்தால்தான் இன்று ஒரு வீட்டாருக்கும் குறையில்லை. கூலியையும் பாதிதான் வாங்கினார்.

கொத்தனார், சித்தாள்கள், விளக்குப் போட்டுத் தந்த மின்வாரிய ஊழியர்கள், வெயிலில் மோர் கொடுத்தவர்கள், எல்லையில் பணியிலிருந்தபடியே சம்பளத்தில் ஒரு பங்கை அனுப்பிய நம் பையன்கள், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

தூணின் பின்பக்கத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறோம். விடுபட்ட பெயர்கள் இருந்தால் டிசம்பர் 7 கொடி நாளுக்குள் சொல்லுங்கள். காகிதம் எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தாத்தா எந்தப் படையில் இருந்தார் என்று தெரிந்தால் போதும். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கும், சாப்பர்ஸ் என்னும் படைப் பொறியாளர் பிரிவு என்றால் பெங்களூருக்கும் நாங்களே எழுதிக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
நினைவுத் தூண் குழுவுக்காக,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவன்