வெள்ளைக் கிளிமூக்கின் முட்டைகள் பொரியாதது பற்றி

ராசிபுரம்,
கார்த்திகை 20

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்து, மறுபடியும் தோட்டத்துப் பக்கம் நடக்கத் தொடங்கியிருப்பது நிம்மதியாக இருக்கிறது. இங்கே பெரியவளுக்குத் தை மாதம் வளைகாப்பு. அதைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன். உன் கடிதத்தில் முக்கால் பங்கு, கிளிபோல் வளைந்த மூக்குள்ள உன் வெள்ளைக் கிளிமூக்குக் கோழிகளின் முட்டைக் கதையாகவே இருந்ததால், முதலில் அதற்குப் பதில் சொல்லாவிட்டால் உனக்குத் தூக்கம் வராது என்று தெரியும்.

இருபத்தெட்டு முட்டை வைத்து ஆறு குஞ்சுதான் கிடைத்தது என்றால் மனம் நோகத்தான் செய்யும். ஆனால் “வெள்ளை நிறம் என்றால் இப்படித்தான், பாதிகூடப் பொரியாது” என்று முட்டை கொடுத்தவர் சொன்னதை நீ அப்படியே நம்பியிருக்கிறாயே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இறகின் நிறம் ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சைக் கொல்வதில்லை. அந்த நிறத்தை எப்படியாவது நிறுத்தி வைக்க வேண்டும் என்று நாம் செய்கிற காரியங்கள்தான் அதைக் கொல்கின்றன.

பொரியாத முட்டைகளைக் குப்பையில் கொட்டாமல் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துக் கணக்கு எழுதினாயே, அதற்காகவே உன்னைப் பாராட்ட வேண்டும். பலரும் பொரிப்பு கெட்டவுடன் இன்குபேட்டர் பெட்டியின் திருகைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார்கள். குஞ்சு எந்த நாளில் செத்தது என்று பார்ப்பதே இல்லை. உன் கணக்குப்படி எட்டு முட்டை கரு எதுவும் வளராமல் கடைசிவரை தெளிவாகவே இருந்திருக்கின்றன. ஐந்தில் இரத்த வளையம், அதாவது கரு வளரத் தொடங்கிச் சில நாளிலேயே செத்ததன் அடையாளம். ஒன்பதில் குஞ்சு முழுதாக உருவாகி உள்ளேயே இறந்திருக்கிறது. ஆக உன்னிடம் இருப்பது ஒரு சிக்கல் அல்ல, மூன்று.

தெளிவான எட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். உன் சேவல் ஐந்து கிலோ, நான்கு வயது என்கிறாய். அந்த எடையும் நீண்ட வாலும் அடர்ந்த பின் இறகும் உள்ள சேவல் பெட்டையின் மேல் ஏறினாலும் அது சரியாகச் சேர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வால் தோற்றத்தைக் கெடுக்காமல், எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள பஞ்சு இறகுகளை மட்டும் இரண்டு பக்கமும் கத்தரித்துவிடு. இன்னொன்று: உன் சொந்த முட்டை பதினாறும் இரண்டு பெட்டைகள் இட்டவை, ஆளுக்கு எட்டு. தெளிவாகப் போனதும் எட்டு. ஒரு பெட்டையின் முட்டைகள் மொத்தமாகவே கருக்கூடாமல் போயிருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். ஆனால் எந்த முட்டை எந்தப் பெட்டையுடையது என்று நீ குறித்து வைக்கவில்லை. இனிமேல் பென்சிலால் ஓட்டின் மேல் பெட்டையின் அடையாளத்தையும் தேதியையும் எழுது. மார்க்கர் பேனா வேண்டாம்.

அடுத்த முறை அடை வைப்பதற்கு முன்பு ஒவ்வொரு பெட்டையின் புது முட்டையிலும் ஒன்றிரண்டை ஆம்லெட்டுக்கு உடைக்கும்போது மஞ்சள் கருவின் மேல் இருக்கும் வெள்ளைப் புள்ளியை வெளிச்சத்தில் கவனி. அது சிறியதாக, கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் வெறும் முட்டை. கொஞ்சம் பெரிதாக, நடுவில் தெளிந்து வட்டமான வளையம்போல் தெரிந்தால் கருக்கூடிய முட்டை. முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாலைந்து உடைத்தபின் கண் பழகிவிட்டது.

இரத்த வளையம் கண்ட ஐந்துக்கும் காரணம் பெரும்பாலும் முட்டை இன்குபேட்டருக்குள் போவதற்கு முன்பே நடந்தது. பெட்டி நிறையட்டும் என்று பன்னிரண்டு நாள் முட்டை சேர்த்திருக்கிறாய். ஏழு நாளைக்கு மேல் வைத்த முட்டையில் பொரிக்கும் திறன் நாளுக்கு நாள் இறங்கும். போன சித்திரையில் நான் பதினாறு முட்டையைப் பத்து நாள் பீரோவின் மேல் அடுக்கி வைத்துவிட்டு மூன்று குஞ்சு எடுத்த கதையை உன்னிடம் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. சுமார் 21 டிகிரிக்கு மேல் போனாலே கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். நம் ஊர் வெயிலில் அது வளரவும் முடியாமல் உறங்கவும் முடியாமல் சோர்ந்து செத்துப்போகும். இப்போது ஈர மணலில் மண்சட்டியைப் புதைத்து, அதற்குள் முட்டைகளைக் கூர்முனை கீழாக வைத்து, நனைத்த சாக்கால் மூடி நிழலில் வைக்கிறேன். பஸ் பார்சலில் வாங்கிய பன்னிரண்டு முட்டையையும் வந்த அன்று மாலையே இன்குபேட்டரில் வைத்துவிட்டாய் அல்லவா? வழியில் குலுங்கிய முட்டைக்கு, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை நிலைகொள்ள ஒரு நாள் முழுக்க அசையாமல் ஓய்வு தர வேண்டும்.

ஒன்பது குஞ்சுகள் முழுதாக வளர்ந்து செத்ததுதான் எனக்கு மிகவும் வருத்தம். உடைத்தபோது குஞ்சு ஈரமாக, வீங்கினாற்போல் இருந்தது, காற்றறை சிறியதாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. ஐப்பசி மழையில் அறைக்குள் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருக்க, நீ முதல் நாளிலிருந்தே இரண்டு தட்டிலும் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறாய். பதினெட்டாம் நாளுக்குள் முட்டை தன் எடையில் சுமார் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கை ஈரமாக இழந்தாக வேண்டும். 50 கிராம் முட்டை 44 கிராமுக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள். அப்படி இறங்காவிட்டால் காற்றறை போதாமல், ஓட்டைக் கொத்தும் நேரத்தில் குஞ்சு மூச்சு முட்டிப் போகும். ஈரமானியை நம்புவதைவிடத் தராசை நம்பு. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பதுபோன்ற சின்ன மின்னணுத் தராசு ஒன்று வாங்கி, முதல் நாளும் ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் எடை போட்டு எழுது. எடை வேகமாக இறங்கினால் தண்ணீர் சேர். இறங்காவிட்டால் தட்டைக் காலி செய். முதல் பதினெட்டு நாள் ஈரப்பதம் 50 முதல் 55 வரை போதும். கடைசி மூன்று நாளுக்கு 65 முதல் 70 வரை வேண்டும். அந்த மூன்று நாளும் முட்டையைத் திருப்பக் கூடாது, மூடியையும் திறக்கக் கூடாது. கொத்திய குஞ்சுக்கு உதவுகிறேன் என்று நீ நாலு தடவை மூடியைத் திறந்ததை மறைக்காமல் எழுதியிருப்பதால் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

சூடு 37.5 என்று திரையில் காட்டுகிறது என்கிறாய். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை முட்டை மட்டத்தில் வைத்து ஒருமுறை ஒத்துப் பார். என் பெட்டியில் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தேன். மின்சாரம் ஓரிரு மணி நேரம் போனதை நினைத்துக் கவலைப்படாதே. கரு கொஞ்ச நேரக் குளிரைத் தாங்கிவிடும், 40 டிகிரியைத் தாண்டிய சூட்டைத்தான் தாங்காது.

இனி, நீ கேட்க விரும்பாத பேச்சு. உன் வெள்ளைச் சேவலும் இரண்டு வெள்ளைப் பெட்டைகளும் ஒரே ஈட்டில் பிறந்தவை. அவற்றின் தகப்பன் கீரி நிறம், தாய் கறுப்பு. நிறமுள்ள இரண்டுக்கு வெள்ளை பிறந்தது என்றால், அது இரு பக்கமும் மறைந்திருந்து ஒன்றுசேர்ந்த குணம். அண்ணனையும் தங்கையையும் சேர்த்தால் வெள்ளை மட்டுமல்ல, மறைந்திருக்கும் மற்ற குறைகளும் சேர்ந்துதான் வெளிப்படும். கருக்கூடாமை, முதல் வாரச் சாவு, கொத்த வலுவில்லாத குஞ்சு ஆகிய மூன்றுக்கும் அதில் பங்கு உண்டு. வேறு இரத்தத்தில் வந்த நல்ல கீரிச் சேவல் ஒன்றை இந்தப் பெட்டைகளோடு விடு. பழைய சேவலைப் பிரித்து மூன்று வாரம் கழித்தபின் சேர்க்கும் முட்டைதான் புதுச் சேவலுடையது என்று நம்பலாம். முதல் தலைமுறையில் வெள்ளை ஒன்றுகூட வராமல் போகலாம், பயந்து விற்றுவிடாதே. அந்தப் பெட்டைகளை மறுபடி வெள்ளைச் சேவலுக்குக் கொடுத்தால் ஏறக்குறைய பாதிக் குஞ்சுகள் வெள்ளையாக வரும். அதற்கும் உன் சேவலை விட்டால் தாய்மாமனுக்கே தங்கை மகளைக் கொடுத்ததுபோல் ஆகிவிடும் என்பதால், வெள்ளைச் சேவலையும் வேறிடத்தில் பார்த்து வாங்கு. இரண்டு ஆண்டு பிடிக்கும்தான். கூடவே, வெறும் கம்பும் சோளமும் போடுவதை நிறுத்திவிட்டு, தாய்க்கோழித் தீவனமும் முருங்கைக்கீரையும் முட்டை சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே கொடு.

தையில் அடுத்த ஈடு வைக்கும்போது எல்லா முட்டையையும் இன்குபேட்டரில் வைக்காதே. ஒவ்வொரு பெட்டையின் முட்டையையும் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அடைக்கோழிக்குக் கொடு. கோழிக்கு அடியிலும் அதே அளவு கெட்டால் குற்றம் முட்டையில். கோழி பொரித்து இன்குபேட்டர் கெடுத்தால் குற்றம் உன் பெட்டியில். கிளிமூக்குப் பெட்டை கனத்தில் முட்டையை நசுக்கிவிடும் என்பதால் அதை உட்கார வைக்க வேண்டாம். என்னிடம் சிறுவிடை, அதாவது சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி, ஒன்று இருக்கிறது. போன ஈட்டில் பதினொன்றில் பத்துப் பொரித்தது. அப்பத்தா காலத்து வழக்கப்படி, இடிக்குப் பயந்து கூடையில் ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் வற்றல் மிளகாயும் போட்டுத்தான் உட்கார வைத்தேன். சிரிக்காதே, ஆணி போட்டதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வளைகாப்புக்குத் தங்கச்சியோடு நீ வரும்போது அந்தச் சிறுவிடையைக் கூடையோடு கொடுத்து அனுப்புகிறேன். அதற்குள் தராசு வாங்கிவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்