பார்தினியின் நீலச் சுவர்

அன்புள்ள கயல்,

பழம்பொருள் வணிகரிடம் வேலைக்குச் சேரப்போகிறேன் என்று எழுதிவிட்டு, நான் வரைவதை விட்டதில் உனக்கு வருத்தமா அம்மா என்றும் கேட்டிருக்கிறாய். ஒரு வருத்தமும் இல்லை. நீ இருக்கும் பிளாரன்சிலேயே அந்த வழியில் போன ஒருவர் உண்டு: ஸ்தெஃபானோ பார்தினி.

1836-இல் பியேவே சான்தோ ஸ்தெஃபானோ என்ற ஊரில் பிறந்தவர். ஓவியம் கற்கத்தான் பிளாரன்சுக்கு வந்தார். பிறகு பழைய ஓவியங்களைச் செப்பனிடும் வேலை, அங்கிருந்து வணிகம். காலமும் கைகொடுத்தது. மடங்களின் சொத்தை அரசு எடுத்துக்கொண்டது. நொடித்துப்போன பிரபுக்கள் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். பிளாரன்சின் பழைய சந்தைப் பகுதியையே இடித்தார்கள். பார்தினி வாங்கிக் குவித்தார். பெர்லின் அருங்காட்சியகத்து வில்ஹெல்ம் போடெ அவருடைய பெரிய வாடிக்கையாளர்.

1881-இல் ஆர்னோ ஆற்றின் தென்கரையில், மோட்சி சதுக்கத்தில், ஒரு பழைய மடத்தை வாங்கி மாளிகையாக்கினார். வேறு கட்டடங்களில் கழற்றிய கதவுநிலைகளும் மரக்கூரைகளும் அதில் ஏறின. பலிபீடங்களின் கற்சட்டங்களே மாடி ஜன்னல்களுக்கு நிலையாகின! உள்ளே சுவரெல்லாம் நீலம். வெண்பளிங்குச் சிலையை அதன் முன்னால் நிறுத்தினால் மூக்கும் விரலும் தனித்தனியாக எடுத்துத் தெரியும். கடைக்காரருக்கு அந்த யோசனை வராது. நிறம் குழைத்துப் பழகிய கைக்குத்தான் வரும். பாஸ்டனில் அருங்காட்சியகம் அமைத்த இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னருக்கும் அந்த நீலத்தின் மேல் ஆசை.

1922-இல் இறக்கும்போது அந்த மாளிகையையும் அதிலிருந்த சேகரிப்பையும் நகருக்கு எழுதிவைத்தார். நகராட்சி செய்த முதல் காரியங்களில் ஒன்று, நீலத்தின் மேல் காவி மஞ்சளைப் பூசியது. நகராட்சி எந்த ஊரிலும் நகராட்சிதான். 2009-இல் அதை அருங்காட்சியகமாக மீண்டும் திறந்தபோதுதான் பழைய நீலம் திரும்பியது.

அவரை உத்தமர் என்று சொல்ல வரவில்லை. ஊர்ச் சொத்தைக் கப்பலேற்றிக் காசாக்கியவர். உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒரு முழுப்பொருளாக்கி விற்கவும் தயங்காதவர். அந்தச் சாமர்த்தியம் மட்டும் உனக்கு வேண்டாம். எந்தப் பொருளும் யார் கையிலிருந்து வந்தது என்று விசாரிக்காமல் ரசீதில் கையெழுத்துப் போடாதே. சம்பளம் பேசக் கூச்சப்படாதே.

அந்த மாளிகைக்குப் போனால் சிற்பி பியெத்ரோ தக்காவின் வெண்கலக் காட்டுப்பன்றியைப் பார்த்துவிட்டு வா. சந்தையில் எல்லாரும் மூக்கைத் தடவுகிறார்களே, அது நகல். நீயும் அதைத்தான் தடவி எனக்குப் படம் அனுப்பியிருந்தாய்.

அன்புடன்,
அம்மா