கடற்கரைப் பயிற்சி நிலத்துக்கும் ஒரு செயல் திட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதிலிருந்து, ஆமை என்றாலே எல்லோரும் விசைப்படகு வலையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நியாயம்தான். ஆனால் கடலோரத்தில் நிலம் வைத்திருக்கும் முப்படைகளைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அங்கே வேலை பார்த்தவன் என்பதால் நான் எழுதுகிறேன்.

ஏற்காட்டுக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று எங்கள் ஊர் டீக்கடையில் இன்றும் கேட்பார்கள். விசாகப்பட்டினத்தில் படையிறக்கும் கப்பலில் மாலுமியாக இருந்தேன். கரையில் போய் முட்டுவதுதான் அந்தக் கப்பலின் வேலையே. பின்பக்கம் நங்கூரத்தைப் போட்டுவிட்டு முகப்பை மணலில் ஏற்றுவோம். கதவு திறந்து சாய்தளம் இறங்கும், கவச வண்டிகள் உறுமிக்கொண்டு வெளியே போகும். அந்தச் சங்கிலிச் சக்கரத் தடம் மணலில் ஆழமாகப் பதியும். முட்டையிலிருந்து வந்த ஆமைக்குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தடத்துக்குள் விழுந்தால் ஏற வழியில்லாமல் அதன் போக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். விடிந்தால் காக்கையும் நாயும் பார்த்துக்கொள்ளும். வண்டி போன பிறகு நாலு பேர் மண்வெட்டியோடு இறங்கி நிரவிவிட்டால் தீர்ந்துபோகிற காரியம் இது. அந்த உத்தரவை எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

பட்டாளத்தைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர்களின் முள்வேலி இல்லாவிட்டால் பல இடங்களில் இன்று ரிசார்ட்டும் இறால் பண்ணையும்தான் நின்றிருக்கும். ஆனால் அது தானாக அமைந்த நன்மை. அதிகாரி மாறினால் அதுவும் மாறும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெண்டில்டன் முகாமுக்குச் சுமார் 27 கிலோமீட்டர் கடற்கரை உண்டு, மரைன் படை இறங்கிப் பழகும் கரை. வெறும் மணலில் முட்டையிடும் சிறிய ஆலாப் பறவைக்காக, கூடுகட்டும் பருவத்தில் அதில் ஒரு பகுதிக்கு வேலி போட்டு வைக்கிறார்கள். வட கரோலினாவின் லெஜூன் முகாமில், வண்டி ஓடும் கரையில் ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான மணலில் புதைக்கிறார்கள். பயிற்சியும் நடக்கிறது. அங்கே 1960இல் வந்த சைக்ஸ் சட்டத்தை 1997இல் திருத்தி, இயற்கை வளம் உள்ள படைத்தளங்கள் வனவிலங்குத் துறையோடு சேர்ந்து திட்டம் எழுதியே ஆக வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது அதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று வைத்தார்கள். அதே நாடு 2003 வரை போர்ட்டோ ரிக்கோவின் வியெக்கஸ் தீவில் குண்டு போட்டுப் பழகியதும் எனக்குத் தெரியும், தலையில் தூக்கி வைத்து ஆடச் சொல்லவில்லை.

நம்மிடமும் நல்லது நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒடிசாவில், பங்குனி ஆமைகள் கூட்டமாக வந்து முட்டையிடும் கஹிர்மாதா கரையை ஒட்டிய அப்துல் கலாம் தீவில், ஆமைகள் வரும் மாதங்களில் ஏவுகணைச் சோதனையை நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டதாக 2024 இறுதியில் செய்தி வந்தது. மறுபக்கம், கர்நாடகக் கடலில் கடற்கழுகு கூடு கட்டும் நேத்ராணி தீவைப் பீரங்கிக்குக் குறியாக வைத்துச் சுட்டதும் நாம்தான். இந்திய, அமெரிக்கப் படைகளின் 'டைகர் டிரையம்ப்' கூட்டுப் பயிற்சி 2024இல் மார்ச் மாதம், 2025இல் ஏப்ரல் மாதம். படை இறங்கியது காக்கிநாடா கரையில். அந்தக் கடலில் உள்ள ஹோப் தீவில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன, அந்த மாதங்கள் குஞ்சு வெளிவரும் காலம்.

திட்டத்தை வெளியிட்டால் ரகசியம் போய்விடும் என்பார்கள். கடலில் சுடும் பயிற்சிக்கு முன்னால், எந்த நாள், எந்த எல்லைக்குள் படகு வரக்கூடாது என்று மீனவர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போகிறதே, அதில் போகாத ரகசியமா ஆமை அட்டவணையில் போய்விடும்?

வெளிச்சமும் அப்படித்தான். கரையில் விளக்கு எரிந்தால் குஞ்சுகள் கடலை விட்டு விளக்கை நோக்கி நடக்கும். கப்பலில் பொழுது சாய்ந்ததும் 'டார்க்கன் ஷிப்' என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரிந்தால் எங்களுக்குத் திட்டு விழும். இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குக் கடல் பார்த்த விளக்கை மறைப்பது பெரிய காரியமா?

இன்னொன்று, சவுக்கு. மரம் நடும் நாள் வந்தால் மணல்மேட்டில் சவுக்கை நட்டுப் படம் எடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் அலைக்குப் பக்கத்திலேயே சவுக்கு நட்டதில் ஆமை ஏறும் மணல் பல இடங்களில் அடைபட்டுப்போனது. மணலைப் பிடித்து வைப்பவை அங்கே தானாகப் படரும் அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும். இங்கே சேர்வராயன் மலையில் சில்வர் ஓக்கை வரிசையாக நட்டுவிட்டு அதைக் காடு என்று சொல்வது மாதிரிதான் அங்கே சவுக்கும்.

எங்கள் காபித் தோட்டத்தை ஒட்டிய காப்புக்காடு யாருக்கும் பெரிதாகத் தெரியாத காடு. அதற்கே வனத்துறை பத்தாண்டுக்கு ஒரு செயல் திட்டம் எழுதுகிறது. எந்தச் சரிவில் எதைத் தொடலாம், தீத்தடுப்புக் கோடு எங்கே வரும் என்று அதில் இருக்கும். கடலோரப் பயிற்சி நிலத்துக்கும் வனத்துறையோடு சேர்ந்து அப்படி ஒன்று எழுதினால் போதும். மன்னார் வளைகுடாவுக்குப் பக்கத்தில் உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் தமிழ்நாட்டிலேயே ஆரம்பிக்கலாம்.

ஏற்காடு கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் வருகிறது. எத்தனை கடலோரப் பயிற்சி நிலங்களுக்கு எழுத்தில் திட்டம் உள்ளது என்று பாதுகாப்புத் துறையிடம் கேட்கும்படி எங்கள் உறுப்பினருக்குத் தனியாகக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ராமநாதபுரம், தூத்துக்குடி உறுப்பினர்களும் அதே கேள்வியைக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படை மாலுமி,
நாகலூர், ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.